ஏடிவி முன்பக்க வேலை: மீதிப் பணம் கொடுக்கும் முன் ஷாக்கைக் கழற்றிப் பாருங்கள்

மாணவர்கள் தாங்களே வடிவமைத்த வண்டியோடு கலந்துகொள்ளும் பாஹா போட்டிக்கு ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டி) கட்டும் கல்லூரி டீம்கள் கவனத்துக்கு. முன்பக்கத்தைப் பக்கத்துக்கு 50 மி.மீ. அகலப்படுத்தச் சொல்லி, டிராயிங்கோடு நாங்கள் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் விட்ட வண்டி பெயின்ட் பளபளக்கத் திரும்பி வந்தது. "அலைன்மென்ட் பக்காவா இருக்கு, ஓட்டிப் பாருங்க" என்றார்கள். சமதளத்தில் நிறுத்தி அளந்தால் டோவும் (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் வீலின் சாய்வு) சரியாகத்தான் இருந்தன. வண்டி நிற்கும்போது எந்தக் கோளாறும் வெளியே தெரியாது என்பதை நம்பித்தான் இப்படி வேலை செய்து தள்ளுகிறார்கள்.

ஷாக்கை, அதாவது அதிர்வு தாங்கியைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டி, ஜாக்கால் வீலை 25 மி.மீ. கணக்கில் ஏற்றியபோது வண்டவாளம் வெளியே வந்தது. 100 மி.மீ. ஏறுவதற்குள் வீல் 5 டிகிரி உள்பக்கம் திரும்பிவிட்டது. 10 அங்குல ரிம்மில் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 22 மி.மீ. வித்தியாசம். காரணம், பெடல் இடிக்கிறதென்று, ஒரு வார்த்தை கேட்காமல் ராக்கை (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் நகர்ந்து வீல்களைத் திருப்பும் பல் கம்பியின் அமைப்பு) 25 மி.மீ. உயர்த்தி வெல்டு வைத்திருக்கிறார்கள்.

முன்னிருந்து பார்க்கும்போது, வீலை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் கோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளி வழியாகவே டை ராட்டின் (ராக்கிலிருந்து வீலுக்குப் போகும் இணைப்புக் கம்பி) கோடும் போக வேண்டும். டை ராட்டின் நீளமும் அதற்குப் பொருந்த வேண்டும். உள்முனை உயர்ந்துவிட்டால், வீல் ஏறும்போது டை ராட் ஒரு வட்டத்தில் போகும், நக்கிள் (வீலைத் தாங்கித் திரும்பும் பாகம்) வேறு வட்டத்தில் போகும். இந்த வண்டியில் ராக் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருப்பதால் ஸ்டீயரிங் ஆர்ம் (டை ராட் மாட்டியிருக்கும் நக்கிளின் கை) வெளியே தள்ளப்பட்டு டோ-இன் ஆகிறது, அதாவது வீலின் முன்பக்கம் உள்ளே திரும்புகிறது. இடது வீல் ஒரு கல்லில் ஏறினால் போதும், திருப்பாமலே வண்டி வலப்பக்கம் இழுக்கும். இதற்குப் பட்டறை சொன்ன வைத்தியம், டை ராட்டை இரண்டு சுற்று முறுக்குவது! அது நிற்கும்போதுள்ள டோவை மட்டும்தான் மாற்றும். ராக் மவுன்ட்டை அறுத்து இறக்குவதைத் தவிர வழியில்லை. டை ராட்டின் வெளிமுனையில் ஸ்பேசர் (உயரத்தை மாற்றும் இடைவளையம்) போடுவது சில மி.மீ. பிசகுக்குத்தான் ஆகும். அதற்கும் போல்ட்டின் இரு பக்கமும் தாங்கு தகடு வேண்டும், இல்லையென்றால் போல்ட் வளையும்.

இதைவிடப் பயங்கரமானது ராக்கின் ரப்பர் உறையை விலக்கியதும் தெரிந்தது. கம்பியில் நீலம் பாய்ந்த ஒரு வளையம், மேலே கிரைண்டர் ஓட்டிய கீறல்கள். கார் ராக் அகலம் அதிகமென்று நடுவே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ராக் கம்பி கடினப்படுத்திய நடுத்தரக் கார்பன் ஸ்டீல். முன்சூடு இல்லாமல் வெல்டு அடித்தால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே நொறுங்கும் தன்மை வந்துவிடும். வளைந்து எச்சரிக்காது, ஒரே அடியில் முறியும். டிரைவர் கையில் ஸ்டீயரிங் இருக்கும், வீலுக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. இந்த ராக்கைப் பழுது பார்க்க நினைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஸ்டீயரிங் ஆர்ம்களையும் உள்சாய்வு இல்லாமல் நேராகவே வெட்டியிருந்தார்கள். வீல்பேஸ் (முன், பின் வீல்களுக்கு இடையே உள்ள தூரம்) 1400, இடது, வலது கிங்பின்களின் (வீல் திரும்பும் அச்சுகள்) இடைவெளி 1200 மி.மீ. உள்ள வண்டியில் உள் வீல் 40 டிகிரி திரும்பினால், முழு அக்கர்மன் கணக்குப்படி (வளைவில் எல்லா வீல்களும் ஒரே மையத்தைச் சுற்றி உருளும் அமைப்பு) வெளி வீல் 26 டிகிரிதான் திரும்ப வேண்டும். இங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் திரும்பி, குறுகலான வளைவில் டயர் தேய்ந்துகொண்டே சறுக்குகிறது.

ஜிக் (பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் அச்சுச் சட்டம்) இல்லாமல் ஆர்ம் செய்ததால் காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் வீல் திரும்பும் அச்சின் சாய்வு) இடதுக்கும் வலதுக்கும் 2 டிகிரி வேறு. மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளுக்கு (ஆர்ம்களை நக்கிளோடு இணைக்கும் உருண்டை மூட்டுகள்) நடுவே 200 மி.மீ. உள்ள இடத்தில் 7 மி.மீ. பிசகு இதைச் செய்துவிடும். பைப் விஷயத்திலும் கை வைத்திருந்தார்கள். பில்லில் 4130 (குரோமியம், மாலிப்டினம் கலந்த உறுதியான ஸ்டீல்), அறுத்த முனையின் உள்ளே நீளவாக்கில் தையல் கோடு (தகட்டை உருட்டி வெல்டு வைத்த தடம்). தையல் இருப்பதாலேயே 4130 இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதனால் துண்டு ஒன்றை லேபுக்கு அனுப்பினோம். 4130-இல் குரோமியம் 0.80 முதல் 1.10 சதவீதம் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அது பெயருக்குக்கூட இல்லை, சாதாரண மைல்டு ஸ்டீல். அதைக் காட்டிக் கேட்டதற்கு, "எல்லா டீமுக்கும் இதுதான் போடுறோம்" என்று பதில். அட்வான்ஸ் திரும்பவில்லை.

வேலை கொடுக்கும்போதே ஆர்டரில் எழுதி வாங்குங்கள்: பைப்பின் ஹீட் நம்பரோடு (ஸ்டீலை உருக்கிய தொகுதியின் எண்) டெஸ்ட் சர்டிபிகேட், பெயின்ட்டுக்கு முன் வெல்டு பார்க்க அனுமதி, ராக்கில் வெட்டு ஒட்டு கூடாது, மவுன்ட்டுகளுக்கு முதலில் டேக் வெல்டு (பிடித்து நிற்க மட்டும் வைக்கும் சிறு பொட்டு வெல்டு) மட்டும். அந்த டேக் நிலையிலேயே ஷாக் இல்லாமல் வீலை முழு இறக்கத்திலிருந்து முழு ஏற்றம் வரை ஓட்டி, ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் டோவைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த மாற்றம் அரை டிகிரியைத் தாண்டினால் முழு வெல்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.