டபிள்யூடிஎஸ்: புது லேன் கார்டு வந்தால்தான் சாயம் வெளுக்கும்

சேலத்துப் பள்ளி, கல்லூரி லேப்களில் ஒரே மாடல் கம்ப்யூட்டர் நாற்பது வரிசையாக இருப்பது அபூர்வம். பாதி உள்ளூரில் அசெம்பிள் செய்தது, மீதி டெண்டரில் வந்த பிராண்டட் பெட்டி. பென்டிரைவோடு ஒவ்வொன்றின் முன்னாலும் உட்காராமல் நெட்வொர்க் வழியே விண்டோஸ் ஏற்ற, விண்டோஸ் சர்வரோடு சேர்ந்தே வரும் விண்டோஸ் டிப்ளாய்மெண்ட் சர்வீசஸ் (டபிள்யூடிஎஸ்) நல்ல கருவிதான். பழைய பெட்டிகளில் சொன்னபடி கேட்கும். புது மதர்போர்டு வந்தால்தான் முரண்டு.

நெட்வொர்க் பூட்டுக்கு எஃப்12 தட்டியதும் ஐபி கிடைக்கும், நிறுவலைத் தொடங்கிவைக்கும் கோப்பான பூட் இமேஜ் முழுசாக இறங்கும், செட்டப் திரையும் வரும். அங்கே, பொருத்தமான நெட்வொர்க் கார்டு டிரைவர் இந்த இமேஜில் இல்லை என்று நின்றுவிடும். இவ்வளவு நேரம் நெட்வொர்க் ஓடியதே என்றால், அதை ஓட்டியது கார்டின் ரோமில் உள்ள, நெட்வொர்க் வழியே பூட் செய்யும் பிஎக்ஸ்இ. பூட் இமேஜுக்குள் இருக்கும் குட்டி விண்டோஸான விண்டோஸ் பிஇ எழுந்ததும் அது ஒதுங்கிவிடும்; பிஇ தன் சொந்த டிரைவரைத் தேடும். ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி ஐபிகான்ஃபிக் அடித்துப் பாருங்கள்: தலைப்பு ஒரு வரி, அதற்குக் கீழே வெறுமை.

சர்வரில் டபிள்யூடிஎஸ்ஸை நிர்வகிக்கும் திரையான கன்சோலின் பெரிய குறை இங்கேதான். 'டிரைவர்ஸ்' என்ற பகுதியில் பேக்கேஜைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். அந்த டிரைவர்கள் நிறுவப்படும் விண்டோஸுக்குத்தான் போகும். பூட் இமேஜுக்கு, அதே இமேஜின் மேல் ரைட் கிளிக் செய்து தனியாகச் சேர்க்க வேண்டும். இதை ஒரு எச்சரிக்கையாகவாவது காட்டியிருக்கலாம்.

டிரைவரைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு இன்னொன்று. ஏற்றப் போகும் விண்டோஸ் எது என்று பார்க்கக் கூடாது. பூட் இமேஜ் எந்தப் பதிப்பு, 64 பிட்டா என்றுதான் பார்க்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெண்டர் 10இசி என்றால் ரியல்டெக், 8086 என்றால் இன்டெல். ரியல்டெக்கில் டிவைஸ் 8168 ஒரு கிகாபிட், 8125 இரண்டரை கிகாபிட். பழைய இமேஜ்கள் பின்னதை அறியாது. செட்டப் எக்ஸ்இ கோப்பை அப்படியே கொடுத்தால் எடுக்காது. பிரித்து, ஐஎன்எஃப், சிஸ், கேட் என்ற மூன்று வகை டிரைவர் கோப்புகளும் உள்ள ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும்.

இமேஜில் கை வைக்கும் முன் சோதித்துவிடலாம். பென்டிரைவில் அந்த ஃபோல்டரைப் போட்டு, அதே ஷிஃப்ட்+எஃப்10 கருப்புத் திரையில் டிஆர்விலோட் கட்டளைக்குப் பின் ஐஎன்எஃப் பாதையைக் கொடுத்து, அடுத்து நெட்வொர்க்கைத் தொடங்கும் டபிள்யூபிஇயூடில் இனிஷியலைஸ்நெட்வொர்க் கட்டளையை அடியுங்கள். இப்போது ஐபி வந்தால் டிரைவர் சரி.

கன்சோல் விசார்ட் சில பேக்கேஜ்களில் காரணம் சொல்லாமல் தோற்கும். நம்பகமானது டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவி. இன்ஸ்டால் மீடியாவில் உள்ள பூட் இமேஜ் கோப்பான பூட்.விம்மில் இரண்டு இண்டெக்ஸ், அதாவது எண்ணிட்ட இரண்டு இமேஜ்கள், உண்டு: 1 வெறும் பிஇ, 2 செட்டப். டபிள்யூடிஎஸ்ஸுக்கு வேண்டியது 2. அதை விட்டு 1-இல் டிரைவரை ஏற்றிவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம். நகல் எடுத்து, 2-ஐ ஒரு ஃபோல்டரில் மவுண்ட் செய்து, ஆட்-டிரைவரை ரிகர்ஸோடு (உள்ஃபோல்டர்களும் சேர) கொடுத்து, எக்ஸ்ப்ளோரர் ஜன்னல்களை மூடிவிட்டு கமிட்டோடு (மாற்றங்களைச் சேமித்து) அன்மவுண்ட் செய்யுங்கள். ஃபோல்டர் திறந்திருந்தால் அன்மவுண்ட் பாதியில் சிக்கும். பிறகு கன்சோலில் 'ரீப்ளேஸ் இமேஜ்'. லேன், தேவையானால் ஸ்டோரேஜ் டிரைவர் போதும். சவுண்டு, கிராஃபிக்ஸ் எல்லாம் திணித்தால் இமேஜ் வீங்கி, ஒவ்வொரு பெட்டியும் அதை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு பரிமாற்ற முறை வழியே இழுத்து ரேமில் சுமக்கும்.

டிரைவர் சரியாக இருந்தும் 169.254 என்று தொடங்கும் முகவரி (சர்வரிடமிருந்து ஐபி கிடைக்காதபோது கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொள்வது) வந்தால் சுவிட்சைப் பாருங்கள். நெட்வொர்க்கில் சுழற்சி வராமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ, போர்ட்டைத் திறக்க 30 விநாடி எடுக்கும், அதற்குள் பிஇ சோர்ந்துவிடும். அந்தப் போர்ட்களில், காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டால் தீரும்.

மதிப்பெண் 5-க்கு மூன்றரை. விண்டோஸ் 11 மீடியாவின் பூட்.விம்மை வைத்து நேரடியாக நிறுவும் வழியை மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டதால் அரை மதிப்பெண் குறைத்தாயிற்று. சொந்தமாகத் தயாரித்த பிஇ இமேஜை பூட் செய்ய இன்னும் தடையில்லை.

ஏற்காட்டுப் பள்ளி லேப் வேலை என்றால் ஒன்று கூடுதல்: இடி மின்னலில் லேன் போர்ட் போன பெட்டிகளில் யுஎஸ்பி அடாப்டர் செருகியிருக்க வாய்ப்புண்டு. பயாஸ் அந்த அடாப்டரில் பிஎக்ஸ்இ பூட் தருமா என்று முன்கூட்டியே கேட்டு, அதன் டிரைவரையும் இமேஜில் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு மேலே உட்கார்ந்து டிரைவர் டவுன்லோடு செய்வது வீண் வேலை.