வரலாற்று வகுப்புக்கு எந்தத் தொடர்? டெல்லி வகுப்பறையிலிருந்து ஓர் அலசல்

டெல்லியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வரலாறு எடுக்கிறேன். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். ஆர்.கே.புரம், கரோல்பாக், மயூர் விஹார் என்று பல பக்கங்களிலிருந்து வருகிறார்கள். ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து, நான் உள்ளே நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, "மேம், இன்னிக்கு வீடியோ உண்டா?" என்பதுதான். தொலைக்காட்சித் தொடர்களை வரலாற்று வகுப்பில் காட்டலாமா கூடாதா என்ற வாதம் எப்போதோ முடிந்துவிட்டது. காட்டத்தான் போகிறோம். எதைக் காட்டுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் இப்போது பேச வேண்டியது.

கையில் இருப்பவை நான்கு வகை. நடிகர்களை வைத்து நடத்திக் காட்டுவது ஒன்று. இயக்குநர் ஷியாம் பெனகல் 1988இல் தூர்தர்ஷனுக்காக எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' அந்த வகை. ஒருவர் ஊர் ஊராகப் போய் நின்று சொல்வது இன்னொன்று, 2007இல் பி.பி.சி.யில் பிரிட்டிஷ் வரலாற்றாளர் மைக்கேல் வுட் வழங்கிய 'தி ஸ்டோரி ஆஃப் இந்தியா'. பழைய படச்சுருள்களையும் நேரில் பார்த்தவர்களின் பேட்டிகளையும் கோத்துச் செய்தது மூன்றாவது. 1973-74இல் பிரிட்டனில் ஒளிபரப்பான 'தி வேர்ல்ட் அட் வார்'. அவைக் குறிப்பில் இருக்கும் பேச்சை நடிகர்களைக் கொண்டு பேச வைப்பது நான்காவது. மாநிலங்களவைத் தொலைக்காட்சிக்காக அதே பெனகல் 2014இல் எடுத்த 'சம்விதான்'.

இவற்றை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான்: "இது எப்படித் தெரியும்?" எந்தத் தொடர் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளின் வாயிலிருந்து வரவழைக்கிறதோ அதுவே வகுப்புக்கு உகந்தது. பிரம்மாண்டம், இசை, நடிப்பு எல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. நமக்கு இருப்பது நாற்பது நிமிட பீரியட். மேலே சொன்ன எந்தத் தொடரின் முழுப் பகுதியும் அதற்குள் அடங்காது. ஆறு, ஏழு நிமிடத் துண்டுக்கு மேல் நான் போடுவதில்லை.

முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அசோகர் நல்ல இடம். 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகள் கொண்டது. அடிப்படை, நேரு அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் இருந்தபோது எழுதி 1946இல் வெளியான 'தி டிஸ்கவரி ஆஃப் இந்தியா' நூல். ரோஷன் சேத் நேருவாக வந்து வழிநடத்துவார். அசோகராக ஓம் புரி. கலிங்கப் போருக்குப் பிறகு மன்னர் மனம் மாறும் கட்டத்தை வகுப்பில் போட்டால் கடைசி பெஞ்சு வரை அமைதியாகிவிடும். அந்த நடிப்பின் பலம் அப்படி. ஆனால் அமைதியான வகுப்பு கேள்வி கேட்காது. ஓம் புரியின் முகத்தைப் பார்த்த பிள்ளைக்கு அதுதான் அசோகரின் முகம். பார்த்தாயிற்று, தெரிந்தாயிற்று, அவ்வளவுதான்.

அதனால் அந்தக் காட்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு, கல்வெட்டை எடுத்துக்கொள்கிறேன். அசோகர் வருந்தினார் என்று நமக்குச் சொல்வது அவருடைய 13ஆவது பெரும்பாறைக் கல்வெட்டு. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள் என்று அதில் அவரே சொல்கிறார். அதே கல்வெட்டுத் தொகுதி கலிங்கத்திலும், அதாவது இன்றைய ஒடிசாவின் தவுளியிலும் ஜௌகடாவிலும் வெட்டப்பட்டிருக்கிறது. அங்கே மட்டும் இந்த 13ஆவது இல்லை. அடிபட்டவர்களின் ஊரில் மன்னரின் வருத்தம் எழுதப்படவில்லை. இதைச் சொன்னதும் வகுப்பு குழம்ப ஆரம்பிக்கிறது. "அப்ப அவர் நிஜமாவே வருத்தப்பட்டாரா?" "அங்க எழுதினா திரும்பக் கலகம் வரும்னு பயந்தாரா?" ஒரு நல்ல வரலாற்று வகுப்பு இங்கேதான் தொடங்குகிறது. அதே கல்வெட்டில் சோழர், பாண்டியர் பெயர்கள் வருகின்றன என்று சொன்னால் தமிழ்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "மேம், நம்ம ஆளுங்க பேரு இருக்கா அதுல?" இருக்கிறது, அவருடைய ஆட்சிக்கு அப்பால் தெற்கே இருந்தவர்களாக.

இங்கே மைக்கேல் வுட் பாணி ஒரு படி மேல். அவர் யாராகவும் நடிப்பதில்லை. ஓர் இடத்துக்குப் போகிறார், ஒரு பொருளைக் காட்டுகிறார், அறிஞர் ஒருவரிடம் பேசுகிறார். சான்று முதலில், கதை பிறகு. பிள்ளைகளுக்கு இது ஒரு பழக்கத்தை ஊட்டுகிறது: வரலாறு என்பது எங்கேயோ கிடக்கும் ஒரு கல்லிலிருந்தும் ஓலையிலிருந்தும் கிளம்புவது. டெல்லியில் இருக்கிற நமக்கு இது இன்னும் வசதி. கிழக்குக் கைலாஷ் பக்கம் 1966இல் கண்டெடுத்த அசோகரின் சிறுபாறைக் கல்வெட்டு இருக்கிறது. ஃபெரோஸ் ஷா கோட்லாவில் அவருடைய தூண் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஃபெரோஸ் ஷா துக்ளக் இன்றைய ஹரியானாவின் தோப்ராவிலிருந்து கொண்டுவந்தது. அதன் எழுத்தை ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் படித்துச் சொன்னது 1837இல். மெட்ரோவில் போய் இறங்கிப் பார்க்கக்கூடிய இடம். படத்தில் ஆறு நிமிடம், நேரில் ஒரு காலைப்பொழுது. இந்தச் சேர்க்கையை வேறெந்தத் தொடரும் இவ்வளவு எளிதாகத் தருவதில்லை.

ஆனால் வுட்டிடம் ஒரு சிக்கல் உண்டு, அதை விடக் கூடாது. நான்காவது பகுதியில் அவர் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறார், வெண்கலச் சிலை வார்ப்பவர்களைக் காட்டுகிறார். மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை. காவிரிக்கரையின் அந்தத் தொழிலைத் திரையில் பார்க்கும்போது டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்படும் பெருமிதம் எனக்குப் பெரிய விஷயம். அதற்காகவே போடலாம். ஆயிரம் வருடத்துக்கு முன் செய்த மாதிரியே இன்றும் செய்கிறார்கள் என்ற தொனி மட்டும் உறுத்துகிறது. ஒன்றுமே மாறாத நாடு என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் அப்படியே தங்கிவிடும். சோழர் காலத்தில் சிலை செய்யச் சொன்னது யார்? இன்று ஸ்தபதியிடம் ஆர்டர் கொடுப்பது யார்? சிலை எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள்? இந்த மூன்றையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் காட்சியைத் தொடங்குவேன். அப்புறம் ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சோழர் காலத்து நடராசரைப் பார்த்து, "இது கோயில்ல இல்லாம இங்க எப்படி வந்துச்சு?" என்று அவர்களே கேட்பார்கள்.

இரண்டு தொடர்களுக்கும் வயதாகிவிட்டது என்பதையும் சொல்லித்தான் காட்ட வேண்டும். இரண்டும் வந்தபோது கீழடியில் அகழாய்வே தொடங்கவில்லை. ஹரியானாவின் சிந்துவெளி நாகரிக இடமான ராகிகடியில் கிடைத்த எலும்புக்கூட்டின் மரபணு ஆய்வு 2019இல்தான் வெளியானது. வுட்டின் முதல் பகுதி மரபணுவைப் பற்றிப் பேசும் இடங்களை இன்றைய முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2007இல் என்ன தெரிந்திருந்தது என்பதற்கான சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் வைத்து 'பாரத் ஏக் கோஜ்' வேண்டாம் என்று தள்ளிவிட மாட்டேன். ஓர் இடத்தில் அதை அடிக்க ஆளில்லை. சங்க காலத்தைச் சொல்லும்போது அது சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கே நடிப்பு யாரையும் ஏமாற்றுவதில்லை. காப்பியத்தைத்தான் நடிக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தி பேசும் கண்ணகியைப் பார்த்து என் பிள்ளைகள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு 'தேரா மன்னா' என்று தொடங்கும் அந்த வழக்குரையை நான் தமிழில் வாசித்துக் காட்டுவேன். தமிழ் தெரியாத பஞ்சாபிப் பிள்ளைகூட குரலின் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. வணிகர், நகரம், பொற்கொல்லர், அரசனின் நீதி என்று காப்பியத்திலிருந்து சமூக வரலாறு எடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது வகைக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படச்சுருள் என்றாலே பிள்ளைகள் உண்மை என்று நம்பிவிடுகிறார்கள். நடிகர் இல்லை, கேமரா மட்டும்தானே என்று. இங்கேதான் நிறைய எச்சரிக்கை வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ரஷ்யப் புரட்சி நடத்தும்போது நான் செய்வது இது. 1917இல் குளிர்கால அரண்மனையை மக்கள் கூட்டமாகப் பாய்ந்து பிடிக்கும் காட்சி பல ஆவணப்படங்களில் வரும். அதை ஒலி இல்லாமல் ஓடவிடுவேன். ஒரே கேள்வி: கேமரா எங்கே இருக்கிறது? பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடுவார்கள். கூட்டம் உள்ளே நுழையும்போது கேமரா ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. "எதிரி பக்கம் போய் முன்னாடியே நின்னு எடுத்தானா மேம்?" ராத்திரி நடந்த சம்பவத்துக்கு இவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவன். அது சோவியத் இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டைன் புரட்சியின் பத்தாம் ஆண்டுக்காக எடுத்து 1928இல் வெளியான 'அக்டோபர்' என்ற கதைப்படம். அந்த இரவின் தாக்குதலைப் படம்பிடித்தவர் யாரும் இல்லை. கதைப்படத்தின் காட்சிதான் பிறகு நிஜச் சுருளாகவே உலகம் சுற்றியது. இந்த ஒரு வகுப்புக்குப் பிறகு, வாட்ஸாப்பில் வரும் வீடியோவையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு வருடப் பாடத்தில் இதைவிடப் பயனுள்ள அரைமணி நேரம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

'தி வேர்ல்ட் அட் வார்' இந்த வகையில் பொறுப்பானது. 26 பகுதிகள், லண்டன் போர் அருங்காட்சியகத்தின் ஒத்துழைப்பு, நடிகர் லாரன்ஸ் ஒலிவியரின் குரல். அதன் உண்மையான செல்வம் பேட்டிகள். போர் முடிந்து முப்பது வருடம்கூட ஆகாத நேரம். ஹிட்லரின் அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஸ்பியர், செயலாளராக இருந்த டிராவுடல் யுங்கே என்று உள்ளே இருந்தவர்களே கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார்கள். இனி யாராலும் எடுக்க முடியாத பேட்டிகள். ஸ்பியர் பேசுவதைப் போட்டுவிட்டு, இவர் எதைச் சொல்கிறார், எதை நழுவவிடுகிறார், இப்படிச் சொல்வதில் இவருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். யூதர் அழிப்பைப் பற்றிய 20ஆவது பகுதியை மட்டும் ஆசிரியர் முதலில் தனியாகப் பார்த்துவிட வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அதைத் தேர்ந்தெடுத்த துண்டுகளாகத்தான் காட்டுவேன்.

பேட்டி எப்படி எடுப்பது என்று பார்த்த பிள்ளைகளை வீட்டிலேயே ஒன்று எடுக்கச் சொல்லலாம். அரசு வேலைக்காக டெல்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் 1975இன் எமர்ஜென்சியை இங்கேயே இருந்து பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிற பிள்ளை அந்தப் பேட்டியைத் தமிழில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் நல்லதற்குத்தான்.

மொழி விஷயத்தை இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 'பாரத் ஏக் கோஜ்' இந்தி பெரிய தடையே இல்லை. வுட்டின் வேகமான ஆங்கிலத்துக்குத்தான் சப்டைட்டில் போட வேண்டியிருக்கிறது. யூடியூபில் பத்து நிமிடத்தில் சோழர் வரலாறு சொல்லும் சேனல்களை வகுப்புக்குள் விடுவதில்லை. எங்கிருந்து எடுத்தார்கள் என்று அவற்றில் பெரும்பாலானவை சொல்வதே கிடையாது.

நான்காவதாக 'சம்விதான்', பத்துப் பகுதிகள், நம் அரசியலமைப்பை வகுத்த அரசியல் நிர்ணய சபையின் கதை. அம்பேத்கராக சச்சின் கெடேகர். நடிகர்கள் நடிக்கும் தொடர்தான், ஆனால் 'பாரத் ஏக் கோஜ்' அசோகரைப் போல இது கேள்வியை அடக்கிவிடுவதில்லை. காரணம், இதை ஒப்பிட்டுப் பார்க்க மூலம் கையில் இருக்கிறது. 1946 டிசம்பர் 9 முதல் சபையில் யார் என்ன பேசினார்கள் என்பது வரிக்கு வரி அச்சில் இருக்கிறது, இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் பார்த்ததைத் தாளில் சரிபார்க்கலாம். மற்ற மூன்று வகையிலும் இந்த வசதி இவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது. அதனால் பன்னிரண்டாம் வகுப்புக்கு என் முதல் தேர்வு இதுதான்.

நான் எடுத்துக்கொள்வது சென்னை மாகாணத்திலிருந்து வந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று பேசிய பேச்சு. வரைவுக் குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், இன்னும் சிலரால் வர முடியவில்லை, கடைசியில் சுமை முழுதும் அம்பேத்கர் மேல் விழுந்தது என்று அவர் சொல்வது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதே பேச்சில், இந்தியைத் திணிப்பது பற்றி வடக்கத்திய நண்பர்களுக்கு அவர் விடுக்கும் எச்சரிக்கையும் இருக்கிறது. முழு இந்தியா வேண்டுமா, இந்தி மட்டும் பேசும் இந்தியா வேண்டுமா என்று அவர்களையே முடிவுசெய்யச் சொல்கிறார். என் வகுப்பில் உ.பி. பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பத்தியை இருவரும் மாறி மாறி வாசிக்கும்போது வகுப்பு சூடாகத்தான் செய்யும். ஆகட்டும் என்று விடுவேன். 1949 செப்டம்பரில் மொழிப் பிரச்சினை எப்படி ஒரு சமரசமாக முடிந்தது என்பதை அதற்கப்புறம் சொன்னால் உடனே புரிகிறது.

பிறகு தொடரைப் போடுவேன். வீட்டுப்பாடம் இதுதான்: அச்சில் இருக்கும் பேச்சையும் திரையில் வருவதையும் பக்கத்தில் வைத்து, எந்த வரிகள் வந்தன, எவை விடப்பட்டன, ஏன் விட்டிருப்பார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். பத்து மதிப்பெண்.