அலுமினிய பாடி ஜாகுவார் என்று சொன்னால் ஒன்றுக்கு நாலு தடவை பாருங்கள்

பழைய ஜாகுவார் எக்ஸ்கே 120 ரோட்ஸ்டர் (திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். "ஆரம்பகால அலுமினிய பாடி, முழுக்க ரெஸ்டோர் பண்ணினது, முதல் ஓனரிலிருந்து எல்லா ஹிஸ்டரியும் இருக்கு" என்று பேசி ஒரு விற்பனையாளர் என் தலையில் கட்டியது சாதாரண இரும்பு பாடி வண்டி. விவகாரம் வக்கீல் கையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 1948இல் லண்டன் மோட்டார் ஷோவில் ஜாகுவார் இதைக் காட்டியபோது இவ்வளவு ஆர்டர் குவியும் என்று கம்பெனியே எதிர்பார்க்கவில்லை. முதல் 240 சொச்சம் வண்டிகளுக்கு மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டைக் கையால் அடித்து பாடி கட்டினார்கள், 1950இல் அச்சில் அழுத்திய இரும்புத் தகட்டுக்கு மாறிவிட்டார்கள். 1954 வரை வந்த மொத்த வண்டிகள் 12,000 இருக்கும், அதில் அலுமினியம் இவ்வளவுதான் என்றால் விலை எங்கே நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த முதல் கூட்டத்தில் ஒன்றை ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிள் வாங்கினார். அந்தப் பெயரையும் பேச்சோடு பேச்சாக நடுவில் இழுத்துப் போட்டார் நம்ம ஆள்.

இனி அவர் செய்த வேலை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்து பானட்டில் வைத்தார், ஒட்டவில்லை. கதவில் வைத்தார், ஒட்டவில்லை. டிக்கி மூடியிலும் அப்படியே. "பார்த்தீங்களா சார், சுத்த அலுமினியம்" என்றார். பொய் இல்லை, ஆனால் இரும்பு பாடிக்கு மாறிய பிறகும் ஜாகுவார் அந்த மூன்றை மட்டும் அலுமினியத்திலேயே செய்துகொண்டிருந்தது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். மட்கார்டில் நானே வைத்துப் பார்த்தேன், அங்கேயும் வழுக்கி விழுந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. பெயின்ட்டுக்கு அடியில் விரல் கனத்துக்கு பட்டி, அதாவது பள்ளம் மேடு நிரப்பும் பசை! அதன் மேல் கண்ணாடி மாதிரி பெயின்ட்.

பின் சக்கரத்துக்கு மேலே பெயின்ட் சின்னதாக உப்பி, நகத்தால் கீறினால் செம்பழுப்பாகத் துரு வந்தது. அலுமினியம் அரித்தால் வெள்ளைப் பொடியாக வரும், இந்த நிறத்தில் வராது. வண்டியைத் தூக்கி மட்கார்டின் உள்பக்கம் அதே மாதிரி ஒரு காந்தத்தை வைத்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அப்புறம் அந்த ஹிஸ்டரி ஃபைல். தோல் அட்டை போட்டு, கல்யாண ஆல்பம் கணக்கில் இருக்கும். உள்ளே ஜாகுவார் கம்பெனியின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் கொடுத்த சான்றிதழ். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), இன்ஜின், பாடி எண்கள், எந்த தேதியில் எந்த டீலருக்குப் போனது என்பதெல்லாம் அதில் உண்டு. அது அசல் சான்றிதழ்தான், டிரஸ்ட்டிடமே கேட்டு உறுதி செய்தேன். ஆனால் அந்த எண்ணுள்ள வண்டியைப் பற்றித்தான் அது பேசுகிறது, என்னிடம் நிற்கும் வண்டியைப் பற்றி இல்லை. இன்ஜின் அறைத் தகட்டில் அந்த எண் இருக்கிறது, தகடும் ரிவெட்டும் புத்தம் புதுசு. சேஸிஸில் குத்திய எண் கனமான கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் கிடந்தது, சுரண்டினால் வேறு எண். இன்ஜின் பிளாக்கில் எண்கள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி, சுற்றிலும் கிரைண்டர் பிடித்த தடம்.

"1950, டெலிவரி எடுத்த நாள்" என்று பின்னால் எழுதிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் ஃபைலில் இருந்தது. படத்தில் வயர் வீல், அதாவது கம்பி ஆரம் வைத்த சக்கரம். இந்த மாடலுக்குக் கம்பெனி வயர் வீல் கொடுக்க ஆரம்பித்ததே 1951இல்! நடுவில் இருபது வருஷத்துக்கு ஓனர் யாருமே இல்லை, கேட்டால் "அமெரிக்காவில் ஒரு கொட்டகையில் நின்றது" என்கிறார். ஒரு பில் கிடையாது, ஒரு டாக்ஸ் ரசீது கிடையாது. இந்தக் கொட்டகைக் கதை எங்கே வந்தாலும் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது.

திருப்பிக் கேட்டதற்கு முதலில் "ரெஸ்டோர் பண்ணினவர் ஏமாற்றிவிட்டார்" என்றார். ரெஸ்டோர் பண்ணினவரோ, இரும்பு பாடி என்று எழுதித்தான் பில் கொடுத்தேன் என்கிறார், நகலும் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு விற்பனையாளர் போனை எடுப்பதே இல்லை.

இதே மாதிரி தோல் அட்டை ஃபைலோடு எக்ஸ்கே 120 யாருக்காவது காட்டப்பட்டிருந்தால், சேஸிஸில் குத்திய எண்ணை, பெயின்ட்டை எடுத்துவிட்டு, படம் பிடித்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், வக்கீல் கேட்கிறார்.