படியில்லாத வீடு: ‘ஹோம்ஸ் ஃபார் அவர் ட்ரூப்ஸ்’ இல்லங்கள் பற்றிய மதிப்பீடு

போரில் இரு கால்களையும் இழந்த ஒருவர் பகலெல்லாம் செயற்கைக் கால்களுடன் நடமாடினாலும், இரவில் அவற்றைக் கழற்றி வைத்த பின் அவருக்குச் சக்கர நாற்காலிதான் துணை. அந்த நாற்காலி குளியலறைக் கதவுக்குள் நுழையாவிட்டால், அவர் தரையில் தவழ வேண்டும். இல்லையேல் மனைவி தூக்கிச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் 2004இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ‘ஹோம்ஸ் ஃபார் அவர் ட்ரூப்ஸ்’ என்னும் தொண்டு நிறுவனம், 2001 செப்டம்பர் 11க்குப் பிந்தைய படைப்பணியில் படுகாயமுற்றவர்களுக்கு, அவர்கள் விரும்பும் ஊரிலேயே, வீட்டுக்கடன் இல்லாத புதிய வீட்டைக் கட்டித் தருகிறது.

வீட்டில் சக்கர நாற்காலியைப் பல ஆண்டுகளாகத் தள்ளிப் பழகியவள் என்பதால், இவ்வீட்டின் அமைப்பில் நான் முதலில் தேடியது சமையலறையைத்தான். பாத்திரம் துலக்கும் தொட்டிக்கும் அடுப்புக்கும் கீழே நாற்காலி நுழையும்படி வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். மேல் அலமாரியின் தட்டுகளைக் கையெட்டும் உயரத்துக்கு இழுத்து இறக்கலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குத் தொடையில் உணர்ச்சி இருக்காது என்பதால், இப்படிப்பட்ட தொட்டிகளின் அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயை உறையிட்டு மூடாவிட்டால், சுட்டது தெரியாமலே தோல் வெந்துவிடும். சமையலறை அழகாக இருக்கிறதா என்பதைவிட, உதவிக்கு ஆளில்லாத நேரத்தில் ஒருவர் தமக்கென ஒரு குவளைக் காப்பி கலக்க முடியுமா என்பதே என் அளவுகோல். இங்கே அது முடியும்.

வீடு ஏறக்குறைய 2,800 சதுர அடியில் ஒரே தளமாக அமைகிறது. சாய்தளத்தில் 1 அடி உயர்வதற்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆகவே 2 அடி உயர வாசலுக்கு 24 அடி சாய்தளம் தேவைப்படும். கட்டி முடித்த வீட்டில் அதைச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். தொடக்கத்திலேயே வாசலைத் தரைமட்டத்தில் அமைத்து, கதவுகளை அகலமாக்கி, நாற்காலியோடு உள்ளே செல்லத்தக்க குளியலிடத்தைக் கட்டியதுதான் இத்திட்டத்தின் பெரும் சிறப்பு. இவ்வாறான மாற்றங்கள் மொத்தம் 40க்கு மேல்.

கடன் இல்லை என்பதால் செலவே இல்லை என்று கருதலாகாது. சொத்து வரியும் காப்பீடும் பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு. அதற்காகவே 3 ஆண்டுகளுக்குக் கட்டணமின்றி நிதி ஆலோசகர் ஒருவரை அமர்த்தித் தருவதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எனக்குள்ள ஒரே மனக்குறை, அந்த 2001 என்னும் எல்லைக்கோடு. வியட்நாமில் கால்களை இழந்து இன்று முதுமையில் தோள்வலுவும் குறைந்துவிட்ட ஒருவர் இங்கே விண்ணப்பிக்கவே இயலாது. அவர் நாடக்கூடிய முன்னாள் படைவீரர் துறையின் வீட்டு மானியம், 2025 நிதியாண்டில் அதிகபட்சம் 1,21,812 டாலர். இருக்கும் வீட்டைத் திருத்த அது பெரிதும் உதவும். இத்தகைய முழு வீடு ஒன்றைக் கட்டி எழுப்ப அது போதாது.