மதுரை அளவு நாடுகளும் பள்ளிக்கூடக் கணினியும்

2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்குச் சற்று அதிகம். அதே ஆண்டு தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் எண்ணியபோது 33 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. வட ஐரோப்பாவின் எஸ்டோனியாவிலோ மொத்தமே 13 லட்சம் பேர்தான். மதுரை நகரையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்த்தாலே அதைத் தாண்டிவிடும். தேசியக் கல்விக் கொள்கை என்றதும் நமக்கு ஒரு மலைப்பு வருகிறது. ஆனால் இந்த நாடுகள் பள்ளிகளுக்குள் கணினியைக் கொண்டுவந்த வேலை, அளவில் நம் மாவட்டத்துக்கு ஒரு திட்டம் போடுவது போன்றதுதான். உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன் என்பதால், அவர்கள் பிடித்த வழிகளை எங்கள் ஊர்க் கண்ணோடு பார்க்கிறேன்.

உருகுவே குழந்தையிடமிருந்து தொடங்கியது. 2007 மே மாதம் வில்லா கார்தால் என்ற சிற்றூரில் சுமார் 150 குழந்தைகளுக்கு பச்சையும் வெள்ளையுமான சின்ன மடிக்கணினிகள் கொடுக்கப்பட்டன. 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் 3.6 லட்சம் குழந்தைகளுக்கும் 18,000 ஆசிரியர்களுக்கும் கொடுத்து முடித்துவிட்டார்கள். திட்டத்தின் பெயர் செய்பால். அந்த நாட்டின் தேசிய மலரான செய்போவின் தோப்பு என்று பொருள். நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கையின் இனம்தான் அந்த மரம். அதே செந்நிறப் பூ.

தமிழ்நாடும் 2011 முதல் விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது அந்தத் திட்டத்தால்தான். அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. உருகுவேயில் தொடக்கப் பள்ளிக் குழந்தை அதைத் தினமும் பையில் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தது. நம்மிடம் அது பெரும்பாலும் பிளஸ் டூ மாணவர் கைக்கு, பள்ளியை விட்டுக் கிளம்பும் நேரத்தில் வந்தது. வகுப்பறைக்குள் வராத கருவிக்காக எந்த ஆசிரியரும் பாடம் நடத்தும் முறையை மாற்றிக்கொள்ளத் தேவை ஏற்படவில்லை.

இன்னொன்று பழுது. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மடிக்கணினியில் பேட்டரி செத்துவிட்டது. அவளுடைய அப்பா அதை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன்ஹால் ரோட்டுக்குப் போனார். கடைக்காரர் சொன்ன விலை அவருக்குப் பல நாள் கூலி. அப்படியே திரும்பி வந்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் கணினி என்றால் வாசற்படிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே பிளக்குக்குக் கீழே உட்கார்ந்து பார்ப்பதுதான். கரண்ட் போனால் செய்துகொண்டிருந்த வேலையும் போய்விடும். உருகுவேயிலும் கருவிகள் உடைந்தன, ஏழை வீடுகளில் அவை முடங்கியும் கிடந்தன. ஆனால் ஒரு குழந்தைக்கு ஆன 260 டாலரில் பராமரிப்பு, பழுது, ஆசிரியர் பயிற்சி, இணையம் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் போட்டிருந்தார்கள். கருவியைக் கொடுத்ததோடு கணக்கை மூடிவிடவில்லை என்பதற்காகவே அந்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை.

இத்தனை செய்தும், 2013-இல் வெளிவந்த அந்நாட்டு ஆய்வு, கணிதத்திலும் வாசிப்பிலும் மடிக்கணினியால் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்றது. எனக்கு இதில் வியப்பில்லை. கருவி தானாகப் பாடம் சொல்லித் தராது. ஆனால் அந்த ஆய்வுக்கு முன்பே, 2012-இல், அவர்கள் வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆங்கில ஆசிரியர்கள் போதாத பள்ளிகளில் திரையும் கேமராவும் வைத்து, பிலிப்பைன்ஸிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் ஆசிரியர்களை வாரம் ஒரு பாடம் நடத்த வைத்தார்கள். மீதி இரண்டு பாடங்களை அதே வகுப்பின் ஆசிரியர் நடத்தினார். அவருக்கும் ஆங்கிலம் அதிகம் தெரியாது, பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டார். உருகுவே செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆள் இல்லாத இடத்தில் ஆளைக் கொண்டுவர அங்கே தொழில்நுட்பம் பயன்பட்டது.

எஸ்டோனியா எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. சோவியத்திலிருந்து 1991-இல் பிரிந்த நாடு, கையில் காசில்லை. 1996 பிப்ரவரியில் அதிபர் லென்னார்ட் மெரி ‘புலிப்பாய்ச்சல்’ திட்டத்தை அறிவித்தார். குழந்தைக்கு ஒரு கருவி என்ற பேச்சே அதில் இல்லை. பள்ளிக்குக் கணினி, பள்ளிக்கு இணையம், ஆசிரியருக்குப் பயிற்சி, பிறகு தாய்மொழியில் கற்றல் மென்பொருள். 2001-க்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் இணையம் வந்துவிட்டது. 2002-இல் வந்த இகூல் தளத்தில் பெற்றோர் வீட்டிலிருந்தே மதிப்பெண்ணையும் வீட்டுப்பாடத்தையும் பார்த்தார்கள். இத்தனை சிறிய மொழிக்காரர்கள் தங்கள் மொழியில் மென்பொருள் வேண்டும் என்று நின்றது எனக்கு உறைக்கிறது. தமிழ் பேசுவோர் எத்தனை கோடி! 2025 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவைப் பள்ளிக்குக் கொண்டுபோனபோதும், 20,000 மாணவர்களோடு 3,000 ஆசிரியர்களையும் சேர்த்தே கணக்கிட்டார்கள்.

சிங்கப்பூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1997-இல் 200 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கி, இரண்டு மாணவருக்கு ஒரு கணினி, பாடநேரத்தில் 30 சதவீதம் கணினி வழியாக என்று இலக்கு வைத்தார்கள். அந்தப் பணம் நமக்குக் கிடையாது. ஆனால் இரண்டாவது இலக்கு கவனிக்கத் தக்கது: எண்ணிக்கையோடு நிற்காமல், பாடவேளையில் எவ்வளவு என்று கேட்டது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் எல்லா மாணவருக்கும் சொந்தக் கருவி என்பது அங்கே 2021-இல்தான் வந்தது, இருபத்து நான்கு ஆண்டு அடித்தளத்துக்குப் பிறகு.

பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில், 2022-இன் கணித மதிப்பெண் சிங்கப்பூருக்கு 575, எஸ்டோனியாவுக்கு 510, உருகுவேக்கு 409. இதைக் கணினிக் கொள்கைகளுக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது தவறு. வறுமை, ஆசிரியர் தரம், மழலையர் கல்வி எல்லாம் இதில் அடக்கம்.

நம் பக்கம் குறை கருவியில் இல்லை. எங்கள் பள்ளியில் 20 கணினிகள் உள்ள ஆய்வகம் இருக்கிறது. ஐப்பசி இடியில் மோடம் எரிந்துபோனது. புதியது வர தை மாதமாயிற்று. அதுவரை திரைகளின் மேல் போர்த்திய துணிகளைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடநூலின் க்யூஆர் குறியீட்டை நான் என் சொந்தக் கைபேசியில் திறந்து, வரிசை வரிசையாக நடந்து காட்டினேன். கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும்.

ஆகவே என்னைக் கேட்டால் எஸ்டோனியாவின் வரிசைதான் முதலில்: அறுபடாத இணையம், ஆசிரியர் கைக்குக் கருவி, ஒரு நாள் கூட்டத்தோடு முடிந்துவிடாத பயிற்சி. கூடவே உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் ஒவ்வொரு பழுதுபார்ப்பு மையம். மடிக்கணினி வைத்திருக்கும் பழைய மாணவர்களுக்கும் அதன் கதவு திறந்திருக்க வேண்டும். உருகுவேயின் திரைவழி ஆங்கில வகுப்பை இந்த ஆண்டே தொடங்கலாம். மதுரைக் கல்லூரிகளில் ஆங்கிலம் படிக்கும் இளைஞர்கள் வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். குழந்தைக்கு ஒரு கருவி அதற்கடுத்த கட்டம்.

அந்தப் பெண் இப்போது மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். மடிக்கணினி வீட்டிலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்பில் இருக்கும் அவள் தம்பி, அதே பிளக்குக்குக் கீழே உட்கார்ந்து, அப்பாவின் கைபேசி இணையத்தில் அறிவியல் பாடம் பார்க்கிறான். போன வாரம் என்னிடம் வந்து, பேட்டரி எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டான்.