காம்பராவை விடச் சிறிய வீடு

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வரிசை வீட்டை லயம் என்போம், அதன் ஓர் அறைதான் காம்பரா. லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. 120 சதுர அடி. அப்பாயி அதற்குள்தான் ஏழு பிள்ளைகளை வளர்த்தார். பண்டாரவளை வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு வண்டியில் குடியேறலாம் என்று நானும் மனைவியும் மூன்று வண்டிகளைப் பார்த்தபோது, என் மனதில் இருந்த அளவுகோல் அந்தக் காம்பராதான்.

ஆசனங்களைக் கழற்றிய ரோசா என்ற சிறு பஸ்ஸில் ஏறக்குறைய 110 சதுர அடி தேறும். டொல்பின் என்று நாங்கள் சொல்லும் பழைய டொயோட்டா ஹயஸ் வானில் 50. சுசுகி எவரியில் 30 வருவதே கடினம். பஸ் ஒன்றை முழுதாக வெறுமையாக்கினாலும் ஒரு காம்பராவுக்கு ஈடாகாது! ஏழு பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டுக் காத்திருக்கும் தோட்டத்துச் சனத்தின் நடுவே இதை ‘எளிமை வாழ்க்கை’ என்று சொல்லிக்கொள்ள நாக்குக் கூசுகிறது. வாடகை கட்டுப்படியாகவில்லை, ஊர் சுற்றவும் ஆசை, அவ்வளவுதான்.

ரோசாவைச் சீக்கிரமே கைவிட்டோம். பார்த்த மாத்திரத்தில் மனைவி தையல் மெஷின், அம்மி, அலுமாரி என்று மனதால் ஏற்றத் தொடங்கிவிட்டாள். இடம் இருந்தால் சாமான் குறையாது. அதோடு ஏழு மீற்றர் வண்டியை இரவில் நிறுத்தச் சமதரை வேண்டும். மலைநாட்டில் தேடிப் பாருங்கள். சாய்வில் நிறுத்திப் படுத்தால் விடியும்போது இருவரும் ஒரே மூலையில் கிடப்பீர்கள்.

எவரி இதற்கு நேர் எதிர். நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48, ஆட்டோ திரும்பும் இடத்தில் அதுவும் திரும்பும். எஞ்சின்தான் 660 சிசி. சரக்கு வகை எவரியில் இருவர் ஏறினால் சுமை எல்லை 350 கிலோ. தண்ணீர் 60 லீற்றர் என்றாலே 60 கிலோ போயிற்று. பிறகு கட்டில், மெத்தை, பட்டரி, காஸ் சிலிண்டர். ஒவ்வொரு பெட்டியாகத் தராசில் வைத்துப் பார்த்தோம். புத்தகங்கள் முதலில் தோற்றன. அப்படியும் தவலந்தென்னை தாண்டி றம்பொடை ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும். தனி ஆளாக இருந்திருந்தால் எவரியைத்தான் வாங்கியிருப்பேன்.

கடைசியில் நாங்கள் வாங்கிய டொல்பின் இரண்டுக்கும் நடுவே: 4.7 மீற்றர் நீளம், டீசல் எஞ்சின், காலை நீட்டிப் படுக்கும் இடம். கிடைப்பவை எல்லாம் பழசு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய வானின் விலை ஏறிக்கொண்டே போனது. பெயின்ட் மினுக்கத்தை நம்பாமல் தரைவிரிப்பைத் தூக்கித் துருவைப் பாருங்கள். ஆசனங்களைக் கழற்றும் முன் மோட்டார் வாகனத் திணைக்களத்திலும் கேட்டுவிடுங்கள்.

சாமான் குறைப்பதில் எங்களுக்கு உண்மையான வாத்தியார் ஈரம்தான். ஜனவரி இரவில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும். மூடிய வண்டிக்குள் இருவரின் மூச்சே தகரத்தில் நீராய் வடியும். எங்கள் வானுக்குப் பலகை அடித்த கராஜ்காரர் தகரத்துக்கும் பலகைக்கும் இடையே காற்று போக வழி விடவில்லை. இரண்டே மாதத்தில் பூஞ்சணம். கூறைச்சேலையைத் தங்கையிடம் கொடுத்தோம், பருத்தி மெத்தையை எறிந்தோம், கம்பளி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். பலகையைக் கழற்றித் திரும்ப அடித்தது தனிச் செலவு. குளிருக்குப் பயந்து கரியடுப்பை உள்ளே வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மொனொக்சைட் வாயு ஆளைக் கொல்லும்.

வண்டி வீட்டுக்கு ஒரு வசதி, மழையைவிட்டு விலகிப் போகலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் கொட்டும்போது அப்புத்தளை தாண்டினால் வெயிலும் காற்றும். டிசம்பரில் வடகிழக்கு மழை பதுளைப் பக்கம் வந்துவிடும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மட்டும் எந்தப் பக்கம் என்று யோசிக்கவே வேண்டாம். மண்மேட்டின் கீழே நிறுத்திய வண்டியை அப்போதே எடுத்துவிடுங்கள்.

விலாசம் மட்டும் எந்த வண்டியிலும் ஏறாது. கிராம சேவகர் சான்றிதழுக்கும் வாக்காளர் இடாப்புக்கும் தங்கை வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறோம். அம்மியும் அங்கேதான் இருக்கிறது. அவள் அதில் தினமும் சம்பல் அரைக்கிறாள்; திருப்பிக் கேட்டால் தருவாளா என்று தெரியவில்லை.