ஆஸ்பத்திரி வைஃபையில் என் சொந்த போன்: இரண்டு வருடத்துக்கு அப்புறம்

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர். ஊழியர்களின் சொந்த போனை உள் நெட்வொர்க்கில் சேர்க்க ஆரம்பித்தபோது முதல் வாரத்திலேயே சேர்ந்தவள். இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

அதற்கு முன்பு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்று ஒருவர் வருவார். ஈசிஜி எடுத்து, போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் இதய டாக்டருக்கு அனுப்புவேன். தாளின் மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் பளிச்சென்று தெரியும். படம் என் கேலரியில் தங்கும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போய்விடும். ஒருநாள் என் மகள் பிறந்தநாள் படம் தேடப்போய், சர்க்கரை நோயாளி ஒருவரின் கால் புண்ணைப் பார்த்து அலறிவிட்டாள்.

2022 நவம்பரில் ரான்சம்வேர் (கம்ப்யூட்டர்களை முடக்கிப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கி தில்லி எய்ம்ஸ் பல நாள் பேப்பரும் பேனாவுமாக ஓடியபோது, எங்கள் ஐ.டி. ஆட்கள் வெளிப் போன் எதையும் அண்டவிடவில்லை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தரவைச் சரியாகப் பாதுகாக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். நிர்வாகம் வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பயப்பட அப்புறம்தான் ஆரம்பித்தது.

சரி, அவர்கள் செய்தது இதுதான். ஆண்ட்ராய்டில் 'ஒர்க் ப்ரொஃபைல்' என்று ஒரு தனி அறை. ஆஸ்பத்திரி ஆப்கள் எல்லாம் சின்னப் பெட்டி அடையாளத்தோடு அதற்குள் இருக்கும். அங்கே எடுக்கும் படம் என் கேலரிக்கு வராது, ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாது, காப்பி பண்ணி வெளியே ஒட்டவும் முடியாது. வைஃபைக்குப் பொதுவான பாஸ்வேர்டு கிடையாது. ஒவ்வொரு போனுக்கும் தனி டிஜிட்டல் சான்றிதழ், போனுக்குள் போட்டுவைக்கும் அடையாள அட்டை மாதிரி. லேப் ரிப்போர்ட்டும் ஸ்கேன் படமும் தெரியும். வென்டிலேட்டர், மானிட்டர் ஓடும் நெட்வொர்க் பக்கம் போன் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

"என் மெசேஜ் எல்லாம் அவங்க படிப்பாங்களா டாக்டர்?" என்று சிஸ்டர்கள் எல்லோருமே கேட்டார்கள். படிக்க முடியாது. எனக்கும் முதலில் சந்தேகம்தான். போன வருடம் பஸ்ஸில் போனைத் தொலைத்தேன். ஐ.டி.க்குச் சொன்ன சில நிமிடத்தில் ஒர்க் ப்ரொஃபைலை மட்டும் அழித்துவிட்டார்கள். மறுநாள் கண்டக்டர் புண்ணியத்தில் போன் திரும்பி வந்தது. என் படங்கள் ஒன்றுகூடப் போகவில்லை. சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

தொல்லைகளும் உண்டு. முதல் நாள் என் போன் சேரவே மறுத்தது. போனின் மேக் முகவரியையும் (நெட்வொர்க்கில் போனை அடையாளம் காட்டும் எண்) பதிவு செய்திருந்தார்கள், ஆனால் ஆண்ட்ராய்டு 10இலிருந்து போன்கள் வைஃபையில் உண்மையான முகவரிக்குப் பதில் ஒரு பொய் முகவரியைத்தான் காட்டும். அந்த ஒரு செட்டிங்கை மாற்ற அரை நாள் போனது. அதைவிட மோசம், ஒரு வருடம் முடிந்ததும் சான்றிதழ் காலாவதியானது. அதுவும் நைட் டியூட்டியில். ஐ.டி. அறை பூட்டியிருந்தது. அன்று ராத்திரி ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நர்சிங் ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கு நடந்தேன். ஒரு வாரம் முன்பே எச்சரிக்கை அனுப்பியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். செக்யூரிட்டி அப்டேட் பழையதாகிவிட்டால் போனை உள்ளே விடமாட்டார்கள். விதி சரிதான். போன் கம்பெனியோ மலிவான மாடல்களுக்குச் சீக்கிரமே அப்டேட்டை நிறுத்திவிடுகிறது. எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவரின் போன் கீறல்கூட இல்லாமல் நன்றாக ஓடுகிறது, இருந்தும் அதற்கு அனுமதி இல்லை. "வேற போன் வாங்கிக்கோங்கம்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வேலைக்கு அவர் ஏன் தவணையில் போன் வாங்க வேண்டும்? டேட்டா, பேட்டரி எல்லாமே ஏற்கெனவே எங்கள் கணக்கில்தான் ஓடுகிறது. என் சம்பளத்துக்குத் தாங்கும், அவருக்குத் தாங்காது.

வார்டுக்கு இரண்டு பொதுப் போனாவது வேண்டும் என்று சிஸ்டர்களோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து ஒன்று வந்தது. சார்ஜர் மட்டும் இன்னும் வரவில்லை, என்னுடையதைத்தான் அங்கே மாட்டி வைத்திருக்கிறேன்.